முந்திரிக்கு ஏற்ற மண் தொட்டிக்கு ஏன் ஆகாது?

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்கு வரும் வழியெல்லாம் செம்மண்ணில் முந்திரியும் பலாவும் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த மண்ணின் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிடும். அதிகம் தண்ணீர் பாய்ச்சாமலே இவ்வளவு காய்க்கிற மண் ஒரு தொட்டிச் செடியைத் தாங்காதா என்று தோன்றும். அதனால் நகரியத்தில் ஆந்தூரியமோ மான்ஸ்டெராவோ வாங்கி வருகிறவர்கள் பலர், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சாண் தோண்டி அந்தச் செம்மண்ணையே தொட்டியில் நிரப்புகிறார்கள். நானும் அப்படித்தான் நிரப்பினேன். ஐப்பசி மழை முடிவதற்குள் ஆந்தூரியத்தின் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின. கவிழ்த்துப் பார்த்தபோது மண் ஒரே கட்டியாக வந்தது. வேர்கள் பழுப்பேறி, தொட்டால் தோல் உரிந்து நூல் மட்டும் கையில் நின்றது. சாக்கடை வாடை அடித்தது.

அந்த மண்ணில் சத்து இல்லாமல் செடி சாகவில்லை. மூச்சு முட்டிச் செத்தது. வேருக்கும் ஆக்ஸிஜன் வேண்டும் என்பது பள்ளிப் பாடம்தான். ஆனால் தொட்டிக்கு மண் கலக்கும்போது உரத்தைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறோம், காற்றைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

அதே செம்மண்ணில் முந்திரி செழிப்பது எப்படி? ஆழம்தான் காரணம். நிலத்தில் பெய்யும் மழை கீழே கீழே இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. மேலே உள்ள நீரைக் கீழே உள்ள மண் இழுக்கிறது, அதை அதற்கும் கீழே உள்ளது இழுக்கிறது. மேல்மண் ஓரிரு நாளில் காற்றாடிவிடும். தொட்டியில் அந்த ஆழம் இல்லை. ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பிளாஸ்டிக் அடிப்பக்கம், அதில் நாலு துளை, அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் நீளமான ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, பிழியாமல், படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது முழுதாக நிற்கட்டும். இப்போது அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்ச் மாறவில்லை, உயரம்தான் மாறியது. நுண்துளைகள் உள்ள எந்தப் பொருளிலும் அடிப்பகுதியில் ஒரு பட்டை நீர் ஈர்ப்பு விசைக்கு இறங்காமல் தங்கிவிடும். அந்தப் பட்டை எவ்வளவு உயரம் என்பதைத் துளைகளின் அளவு தீர்மானிக்கிறது. பொடி மண்ணில் துளை சிறியது, பட்டை உயரமானது. பரும்படியான கலவையில் துளை பெரியது, பட்டை தாழ்வானது. களி கலந்த செம்மண்ணை ஆறங்குலத் தொட்டியில் அமுக்கி நிரப்பினால், அந்த ஈரப் பட்டையே ஏறக்குறைய முழுத் தொட்டியும் ஆகிவிடும். வேர் போய் ஒதுங்கக் காய்ந்த இடம் இருக்காது.

இங்கே ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தொட்டியின் அடியில் இரண்டங்குலம் ஜல்லியோ உடைந்த ஓடோ பரப்பினால் வடிகால் கிடைக்கும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறோம். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். ஈரப் பட்டை ஜல்லிக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இரண்டங்குலம் பக்கத்தில். துளை வழியே மண் ஒழுகாமல் இருக்க ஒரே ஒரு ஓட்டுத் துண்டு, அல்லது கொசுவலைத் துண்டு போதும். மிச்ச ஜல்லியைக் கலவைக்குள் சேர்த்தால் பயன் உண்டு.

தொட்டி மண் என்பது நிலத்து மண்ணிலிருந்து வேறான ஒன்று என்ற எண்ணம் உலகத்திலேயே அவ்வளவு பழையது இல்லை. 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் லாரன்ஸும் நியூவெலும் செய்த சோதனைகளிலிருந்து வந்ததுதான் முதல் புகழ்பெற்ற சூத்திரம்: 7 பங்கு நல்ல தோட்டமண், 3 பங்கு பீட், 2 பங்கு பரும்மணல். பிறகு அமெரிக்காவில் மண்ணையே எடுத்துவிட்டு பீட்டும் பெர்லைட்டும் கலந்த இலேசான கலவைகள் வந்தன. வீட்டுச் செடி பற்றிய வெளிநாட்டுப் புத்தகங்களில் இன்று நாம் படிக்கும் குறிப்புகள் பெரும்பாலும் இந்த பீட்டை நம்பி எழுதப்பட்டவை.

பீட் என்றால் என்ன என்று நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்வது எளிது. சதுப்பில் விழுந்த செடிகொடிகள் காற்றில்லாமல் முழுதாக மட்காமல் சேர்ந்துகொண்டே போனால் அது பீட். அதன் மேல் மண் மூடி, யுகக்கணக்கில் அழுத்தமும் வெப்பமும் ஏறினால் பழுப்பு நிலக்கரி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வந்ததும், 1956ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) தொடங்கி 1961ல் முதல் சுரங்கத்தில் கண்ணுக்குத் தெரிந்ததும், ஒரு காலத்துச் சதுப்பு நிலத்தின் பீட்தான். நாம் நிற்கும் தரைக்குக் கீழே கிடப்பது தொட்டிக் கலவையின் மூதாதை. பீட் வளர்வது ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் அளவில். அதை வெட்டி எடுத்துக் கப்பலேற்றி இங்கே கொண்டுவருவதற்கு அவசியமே இல்லை, ஏனென்றால் நம்மிடம் தென்னை நார்க்கழிவு இருக்கிறது.

மட்டையிலிருந்து கயிற்றுக்கு நார் எடுத்தபின் உதிரும் பழுப்புத் தூள்தான் நார்க்கழிவு. கடையில் கோகோபீட். ஒரு காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகள் ஓடும் இடங்களில் மலையாகக் குவிந்து கிடந்த இந்தத் தூள் இன்று கட்டியாக அழுத்தப்பட்டு ஹாலந்து வரை போகிறது. தன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டும் இடையில் காற்றுக்கு வழி விடும் என்பதே அதன் மதிப்பு. 650 கிராம் கட்டி ஒன்றை ஊறவைத்தால் சுமார் 8 லிட்டர் தூள் கிடைக்கும்.

ஆனால் கட்டியை உடைத்து அப்படியே தொட்டியில் போடக் கூடாது. தென்னை மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. உப்பங்கழி நீரில் ஊறிய மட்டையானால் உப்பு இன்னும் கூடும். அந்த உப்பு இலை நுனியைக் கருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவையுங்கள். மூன்று முறை போதும். கடைசித் தண்ணீர் வெளிர் தேநீர் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். இன்னொரு விஷயம், பச்சை நார்க்கழிவு மட்கும்போது செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தானே தின்றுவிடும். அதில் கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 112க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் 1 டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 பாட்டில் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகத் தூவி மட்கவைத்தால் அது 24க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும். வீட்டில் டன் கணக்கில் செய்யப் போவதில்லை. கலவையில் மண்புழு உரம் சேர்ப்பது இந்தக் குறையைச் சரிக்கட்டும்.

நெய்வேலியில் இருப்பதாலேயே கைக்கு எளிதாகக் கிடைத்து, தொட்டிக்குள் போகக் கூடாத சில பொருள்கள் இருக்கின்றன. அனல்மின் நிலையத்துச் சாம்பல் முதலாவது. அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போட்டுப் பழகிய வீடுகளில் இதையும் ஒரு கை போடத் தோன்றும். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். நீர் பட்டால் தானாகவே இறுகும். அந்தக் குணத்துக்காகத்தான் அதைக் கட்டுமானத்தில் விரும்புகிறார்கள். தொட்டிக்குள் அதே குணம் காற்று வழியை அடைக்கும், கலவையைக் காரமாக்கும். ஆந்தூரியம், பிலோடென்ட்ரான் போன்றவை சற்றே புளிப்பான கலவையை விரும்புபவை.

பழுப்பு நிலக்கரித் தூளையே போட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரப் பாக்கெட்டைப் பிரித்தால் வரும் கறுப்புத் தூள் பெரும்பாலும் இதுதான். நுண்ணுயிரியைச் சுமக்க ஏற்ற ஊடகம் என்று வேறு நாடுகளில் பீட்டைப் பயன்படுத்தும் இடத்தில் இங்கே இதைப் பயன்படுத்துகிறார்கள். என்.எல்.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவு இதிலிருந்து ஹியூமிக் அமிலம் பிரித்தெடுக்கும் முறையையும் உருவாக்கியது. ஆனால் அந்த அமிலம் காரக் கரைசலில்தான் நிலக்கரியை விட்டு வெளியே வரும். பச்சைத் தூளைத் தொட்டியில் போட்டால் அது பொடியாக அடைத்துக்கொள்ளும், ஒருமுறை காய்ந்தால் மறுபடி எளிதில் நனையாது. ஹியூமிக் வேண்டுமென்றால் கடையில் வாங்கி, பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவில் நீரில் கலந்து ஊற்றுங்கள். அதுவும் வேருக்குத் துணை, உணவல்ல. கெட்ட கலவையை அது சரிசெய்யாது.

சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மேட்டு மண்ணும் வேண்டாம். நிலக்கரிக்கு மேலே பல பத்து மீட்டர் ஆழத்தில் கிடந்த மண் அது, மட்கும் இல்லை, உயிரும் இல்லை. அப்படிப்பட்ட மேடுகளைப் பயிர் நிலமாக்கவே எருவும் மரக்கன்றும் பல ஆண்டு உழைப்பும் தேவைப்படுகின்றன. முந்திரிக் கொட்டைத் தோடு பக்கத்து ஊர்களில் மூட்டையாகக் கிடைக்கும். அதன் எண்ணெய் கையையே பொத்துவிடும், வேரைச் சும்மா விடாது. கடலூர்க் கடற்கரை மணல் உப்பு. எம்-சாண்ட் போடலாம், ஆனால் சலித்து, பொடி போகக் கழுவி, அரிசி நொய் அளவில் தங்குவதை மட்டும்.

சரி, எதைக் கலப்பது? நர்சரியில் கேட்டால், “செம்மண்ணு, மணல், தொழுவுரம், மூணும் சமமா போடுங்க சார், போதும்” என்பார்கள். வெயிலில் நிற்கும் செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் குரோட்டனுக்கும் அது சரியான பதில். அவை தினமும் நீரை உறிஞ்சித் தீர்த்துவிடும். கூடத்தில், ஜன்னலுக்கு உள்ளே நிற்கும் செடி அவ்வளவு குடிக்காது. அதற்கு இலேசான கலவை வேண்டும்.

மணி பிளான்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், அக்லோனீமா ஆகியவற்றுக்கு நான் நம்பிப் போடுவது இது: கழுவிய நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பரும்மணலோ பெர்லைட்டோ ஒரு பங்கு, சுண்டைக்காய் அளவு உடைத்த அடுப்புக்கரியும் செங்கல் நொறுக்கும் சேர்த்து ஒரு பங்கு. 8 அங்குலத் தொட்டிக்கு மொத்தம் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். அதற்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடியைச் சுட்டுப் பொரியாக்கியது. அரிசி பொரிவது போலத்தான், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி உப்பவைக்கிறது. நல்ல பொருள், ஆனால் கட்டாயம் இல்லை. கரியும் செங்கல்லும் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்யும். செங்கல் சூளைச் செங்கல்லாக இருக்கட்டும், சாம்பல் செங்கல் வேண்டாம்.

இந்தச் செடிகள் பிறந்த இடத்தை நினைத்துப் பார்த்தால் கலவையை மாற்றத் தெரிந்துவிடும். மான்ஸ்டெரா மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள காடுகளில் மரம் பற்றி ஏறுவது. ஆந்தூரியம் இனத்தில் பல மரக்கிளையிலேயே குடியிருப்பவை. அவற்றின் வேர் மண்ணையே பார்க்காமல் பாசியிலும் சருகிலும் ஓடுவது. நம் ஊரிலும் மாமரக் கிளையில் ஒட்டி வளரும் காட்டு ஆர்க்கிடைப் பார்த்திருப்பீர்கள். மழை நனைத்த சில மணி நேரத்தில் அதன் வேர் காற்றில் காய்ந்துவிடும். ஆகவே ஆந்தூரியத்துக்கு நார்க்கழிவைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டுகளையும் கரியையும் கூட்டுங்கள். கையில் எடுத்தால் மண்போலவே தோன்றாத அளவுக்குப் பரும்படியாக இருக்க வேண்டும். பாம்புச் செடி நம் மருளுக்கு உறவு. வறண்ட நிலத்தில் இலையில் நீரைச் சேமித்து வாழும் கூட்டம். அதற்கும் ஜீஜீ செடிக்கும் பாதிக்கு மேல் பரும்மணலும் செங்கல் நொறுக்கும் இருக்கட்டும். பீஸ் லில்லியும் பெரணிகளும் ஈரம் விரும்புபவை, நார்க்கழிவைக் கூட்டலாம். அரிக்கா பனை தலை கனத்துச் சாயும் என்பதால் கால் பங்கு செம்மண் சேர்த்தால் நிற்கும். மணி பிளான்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது எந்த மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். அது பிழைத்த கலவை ஆந்தூரியத்தைக் கொல்லலாம்.

கலந்தது சரியா என்று அளந்தே பார்த்துவிடலாம், கணிதம் கொஞ்சம்தான். துளைகளை டேப்பால் அடைத்த தொட்டியில் கலவையை வழக்கம்போல நிரப்புங்கள். எவ்வளவு நீர் பிடிக்கும் தொட்டி என்பதை முன்பே அளந்து வைத்திருங்கள். மெதுவாக, ஓரமாக நீர் ஊற்றி, மேல்மட்டம் மினுமினுக்கும் வரை ஊறவிடுங்கள். அரைமணி கழித்துக் குறைந்திருந்தால் மறுபடி நிரப்புங்கள். பிறகு ஒரு பாத்திரத்துக்கு மேல் வைத்து டேப்பை எடுங்கள். வடிந்து முடிந்த நீர் எவ்வளவோ, அவ்வளவு இடத்தில்தான் இப்போது காற்று புகுந்திருக்கிறது. 4 லிட்டர் தொட்டியில் 600 முதல் 800 மில்லி வடிந்தால் பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்கு நல்லது. ஆந்தூரியத்துக்கு அதற்கும் மேலே வேண்டும். 400 மில்லிக்குக் கீழே என்றால் அந்தக் கலவையை மறுபடி கொட்டிக் கரியும் செங்கல்லும் சேர்ப்பதே மேல். முற்றத்துச் செம்மண்ணை ஒருமுறை இப்படி அளந்து பாருங்கள். நான் மேலே சொன்னதை நம்ப வேண்டிய தேவையே இருக்காது.

எந்தப் பருவத்துக்காகக் கலப்பது என்ற சந்தேகம் வரும். கத்திரி வெயிலில் நெய்வேலியில் மின்விசிறிக்குக் கீழே நிற்கும் தொட்டி ஒரே நாளில் காயும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் ஆனாலும் காயாது. ஒரே கலவை இரண்டையும் தாங்க வேண்டும். நான் மழைக்காலத்தைப் பார்த்தே கலக்கிறேன். கோடையில் காய்ந்தால் ஒரு சொம்பு கூட ஊற்றிச் சமாளிக்கலாம். மழையில் ஊறிய வேரிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்க வழியில்லை.

தொட்டியும் கலவையில் ஒரு பங்குதான். சுட்ட மண் தொட்டியின் சுவர் ஈரத்தை வெளியேற்றும். அதில் நார்க்கழிவு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். பிளாஸ்டிக்கும் விருத்தாசலம் பக்கம் கிடைக்கும் மெருகேற்றிய பீங்கான் தொட்டியும் சுவாசிக்காதவை. அவற்றில் கரியும் மணலும் கூட வேண்டும். துளையில்லாத பீங்கானுக்குள் நேரடியாக நடாமல், துளையுள்ள தொட்டியில் நட்டு அதை உள்ளே இறக்கி வையுங்கள். தட்டையான தொட்டி அழகாக இருக்கும், ஆனால் ஸ்பாஞ்ச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்: அதில் ஈரப் பட்டையின் பங்கு அதிகம்.

நார்க்கழிவு ஒரு விதத்தில் கண்ணை ஏமாற்றும். மேல் அங்குலம் வெளிறிக் காய்ந்திருக்கும்போதே அடியில் சொதசொதவென்று இருக்கும். விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பாருங்கள், அல்லது தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நாலு முறை தூக்கினால் கைக்குக் கனம் பழகிவிடும். ஈர மண்ணிலேயே செடி வாடித் தொங்கினால் அது தாகம் அல்ல. வேர் அழுகி நீரை எடுக்க முடியாமல் போனதன் அறிகுறி. அந்த நேரத்தில் மேலும் தண்ணீர் ஊற்றித்தான் பெரும்பாலான செடிகளை நாம் இழக்கிறோம்.

கடைசியாக, வாங்கி வந்த செடியின் வேரோடு இருக்கும் உருண்டை. ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் கறுப்புக் கவரில் வரும் செடிகளில் சில இறுகிய களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே இலேசான கலவைக்குள் வைத்தால் நீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். அல்லது ஒருமுறை ஊறிய களி சுற்றிலும் எல்லாம் காய்ந்த பிறகும் ஊறியே இருக்கும். வாளித் தண்ணீரில் அரைமணி வைத்து, விரலால் மெதுவாக நெகிழ்த்தி, வெளிப்பக்க மண் பாதியாவது கரைந்து போனபின் நடுங்கள். வேர் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தால் பிரித்துவிடுங்கள். நட்டபின் மண்ணைக் கட்டை விரலால் அமுக்கக் கூடாது, தொட்டியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். முதல் தண்ணீரைத் துளை வழியே வடியும் வரை ஊற்றி, ஒரு வாரம் நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு ஆண்டில் நார்க்கழிவு மட்கிக் கலவை பள்ளம் போல இறங்கத் தொடங்கும். ஆனி ஆடியில், மழைக்கு முன்பே, புதுக் கலவைக்கு மாற்றிவிடுங்கள்.